விர்ச்சுவல் பாக்ஸ் டிரைவர் ஏறும்போதெல்லாம் நீலத் திரை: அப்பா பிரஸ்ல நாலு சனிக்கிழமை

அப்பாவோட பிரஸ் திருவல்லிக்கேணியில. ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், டிடிபி (கம்ப்யூட்டர்ல பக்கம் கட்டுற வேலை) பண்ண ஒரு அக்கா, அவ்ளோதான் பிரஸ்ஸே. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், காதுகுத்து, கருமாதி கார்டு, இதுதான் வேலை. அங்க ஒரு கம்ப்யூட்டர்ல விர்ச்சுவல் பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர், அதாவது விர்ச்சுவல் மெஷின், சுருக்கமா விஎம், ஓட்டுற சாஃப்ட்வேர்) இன்ஸ்டால் பண்ணப் போய், அதோட டிரைவர் ஏறுற இடத்துல ஒவ்வொரு தடவையும் நீலத் திரை வந்து சிஸ்டம் விழுந்துச்சு, அத எப்படிப் பிடிச்சேன்னு எழுதி வெச்சுக்கறேன், இதே மாதிரி மாட்டினவங்களுக்கும் உதவும்.

எதுக்கு விர்ச்சுவல் மெஷின்னா, டிடிபி இன்னமும் பேஜ்மேக்கர் 7-ன்ற பழைய பக்கம் கட்டுற சாஃப்ட்வேர்லதான் ஓடுது. அது 2001-ல வந்த வெர்ஷன், அதுக்கப்புறம் பேஜ்மேக்கரே கிடையாது, யூனிகோட்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. தமிழ் அடிக்க ஒரு பழைய கீபோர்டு சாஃப்ட்வேர், அதுக்கு சாவி மாதிரி ஒரு யூஎஸ்பி டாங்கிள், டாங்கிள் சொருகலன்னா ஒரு எழுத்து விழாது. டாங்கிளோட டிரைவர் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு எழுதினது. சாதா ப்ரோக்ராம் 32 பிட்டா இருந்தா 64 பிட் விண்டோஸ்ல எப்படியாவது ஓட்டிடலாம், ஆனா டிரைவர் கர்னலுக்குள்ள, அதாவது விண்டோஸோட மையத்துக்குள்ள போய் உக்கார்றது, 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை உள்ளயே விடாது. அதனாலதான் எக்ஸ்பியையே விர்ச்சுவல் மெஷினுக்குள்ள ஓட்டுற யோசனை. யூனிகோடுக்கு மாறிடலாமேன்னு நிறைய பேர் சொல்றாங்க, எழுத்தை மாத்த கன்வெர்ட்டர் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அக்கா இருபது வருஷமா கையால இழுத்து இழுத்து ஒட்ட வெச்ச லேஅவுட்ட எந்த கன்வெர்ட்டரும் கொண்டு வராது. ஒரு கோயிலுக்கு வருஷா வருஷம் அதே உற்சவப் பத்திரிகை, தேதியும் உபயதாரர் பேரும்தான் மாறும், ஃபைல் திறக்கலன்னா முதல்லேர்ந்து கட்டணும். இத்தனைக்கும் 1999-லயே தமிழக அரசு டேம், டேப்னு ரெண்டு என்கோடிங்க (எழுத்துக்கு நம்பர் குடுக்குற முறை) தரம்னு அறிவிச்சுது, 2010-ல யூனிகோடுக்கும் டேஸ் 16-க்கும் போயாச்சு. அப்பா வெச்சிருக்குற ஃபைல் இந்த எதுலயும் சேராது, அந்த கீபோர்டு கம்பெனியோட சொந்த என்கோடிங், வேற சிஸ்டத்துல திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமா கொட்டும்.

எக்ஸ்பி ஓடின பழைய மெஷின் மதர்போர்டுல கெப்பாசிட்டர் எல்லாம் உப்பிப் போய், மூணு தடவை பவர் பட்டன் அமுக்கினா ஒரு தடவை எழுந்திருக்கும். போன ஆடியில அப்பா ஃபோன் பண்ணி, “ஆவணி பொறந்தா முகூர்த்தம் வரிசையா வரும்மா, அதுக்குள்ள ஒரு வழி பண்ணு”ன்னார். ஆடியில கல்யாணப் பத்திரிகை வராது, அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்க்குற நோட்டீஸ்தான், அதனால சனிக்கிழமை அந்த டேபிள் கிடைக்கும். நான் வேலை பார்க்குறது ஓஎம்ஆர் பக்கம். பெருங்குடியில பறக்கும் ரயில் ஏறினா திருவல்லிக்கேணியில இறங்கிடலாம்.

முதல் சனிக்கிழமை பழைய ஹார்டு டிஸ்க்க காப்பி எடுக்கறதுலயே போச்சு. 40 ஜிபி ஐடிஇ (பழைய வகை இணைப்பு) டிஸ்க், ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி ஐடிஇ-லேர்ந்து யூஎஸ்பி மாத்துற அடாப்டர் வாங்கினேன், என் லேப்டாப்ல லினக்ஸ் இருக்கு, அதுல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ போட்டு மொத்த டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலா எடுத்தேன். பழைய டிஸ்க்குக்கு சும்மா காப்பி கமாண்ட் போடாதீங்க, பேட் செக்டர் வந்தா அங்கயே முட்டிக்கிட்டு நிக்கும், டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிப் போய் நல்ல இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துட்டு அப்புறமா கெட்ட இடத்துக்குத் திரும்பி வரும். இந்த ஒரு வேலை முடிஞ்சதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு, இனி எது போனாலும் ஃபைல் போகாது.

விர்ச்சுவல் பாக்ஸ் போட வேண்டிய சிஸ்டம் பிரஸ்லயே இருக்குற இன்னொரு டெஸ்க்டாப். சொந்தக்காரர் ஒருத்தர் வேலை பார்த்த ஆபீஸ்ல இடம் மாத்தும்போது பழைய சிஸ்டத்த எல்லாம் ஸ்டாஃபுக்கே குறைஞ்ச விலைக்குக் குடுத்தாங்க, அப்படி வந்தது. ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 7-ஆ இருந்து அது மேலேயே 10-க்கு அப்கிரேடு பண்ணது, ஃபார்மேட் பண்ணல. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு. ஜிஎஸ்டி பில்லிங் சாஃப்ட்வேர் அதுலதான், லைசென்ஸ் அந்த மெஷினோட கட்டியிருக்கு, அதனால துடைச்சுட்டு புதுசா விண்டோஸ் போடறதுன்ற பேச்சுக்கே அப்பா ஒத்துக்கல.

ரெண்டாவது சனிக்கிழமை. விர்ச்சுவல் பாக்ஸ் 7 டவுன்லோட் பண்ணி ஓட்டினேன், முதல்ல விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லன்னு நின்னுச்சு, அதைப் போட்டேன், அடுத்து நெட்வொர்க் ஒரு நிமிஷம் கட் ஆகும் பரவால்லயான்னு கேட்டுச்சு, சரின்னேன், பச்சைக் கோடு முக்கால்வாசி தாண்டினதும் திரை நீலமாயி சோக மூஞ்சி. படிக்கறதுக்குள்ள ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. திரும்ப வந்து பார்த்தா விர்ச்சுவல் பாக்ஸ் ஐகான் இல்ல, ஆனா ப்ரோக்ராம் ஃபைல்ஸ்ல ஃபோல்டர் இருக்கு, பாதி ஏறி பாதி நிக்குது. மறுபடி ஓட்டினேன், அதே இடத்துல அதே விழுகை. அப்பா, “கரண்ட்டு ஏறி இறங்குதோ, யூபிஎஸ் பேட்டரி வேற வீக்கா இருக்கு”ன்னார், எனக்கும் கொஞ்சம் சந்தேகம்தான், ஆனா மூணாவது தடவையும் சரியா அதே இடத்துல விழுந்ததும் கரண்ட் இல்லன்னு முடிவு பண்ணேன். கரண்ட்டுக்கு பச்சைக் கோடு எங்க இருக்குன்னு தெரியாதே.

அதுக்கப்புறமும் ஒரு தப்பு பண்ணேன், ராம்னு நெனச்சேன். மெம்டெஸ்ட் 86 போட்டு ராத்திரி பூரா ஓட விட்டுட்டு வந்தேன், ஞாயித்துக்கிழமை காலையில அப்பா பூட்டைத் திறந்து பார்த்து சொன்னார், எரர் பூஜ்யம். ஒரு நாள் போச்சு. விழுறது எப்பவும் ஒரே இடத்துலன்னா அது பெரும்பாலும் ஹார்டுவேர் கிடையாது, ராம் கெட்டிருந்தா கண்ட இடத்துல கண்ட நேரத்துல கண்ட பேர்ல விழும், அது தெரிஞ்சும் டெஸ்ட் போட்டது அவசரம்தான்.

மூணாவது சனிக்கிழமைதான் ஒழுங்கா உக்காந்து பார்த்தேன். முதல் வேலையா ஆட்டோ ரீஸ்டார்ட்ட நிறுத்தினேன், சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ்ல அட்வான்ஸ்டு, அதுல ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி, அந்த டிக்க எடுத்துட்டா நீலத் திரை நீங்க ரீஸ்டார்ட் பண்ற வரைக்கும் அப்படியே நிக்கும். ஸ்டாப் கோடு டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல், அதாவது டி1. அர்த்தம் என்னன்னா ஏதோ ஒரு டிரைவர், தொடக்கூடாத மெமரிய தொடக்கூடாத நேரத்துல தொட்டுருச்சு. கர்னல் உள்ள அவசர வேலை நடக்கும்போது பேஜ் ஃபைலுக்குப் போயிருக்குற மெமரியையோ, ஏற்கனவே விடுவிச்ச மெமரியையோ தொட்டா விண்டோஸ் அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வெக்காது, எல்லாத்தையும் நிறுத்திடும்.

அடுத்து ரெண்டு ஃபைல். ஒண்ணு விண்டோஸ் ஃபோல்டர்ல ஐஎன்எஃப் உள்ள இருக்குற செட்அப் ஏபிஐ டெவ் லாக். டிரைவர் இன்ஸ்டால் சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும் நான் முதல்ல திறக்குறது இதைத்தான், நோட்பேடுலயே திறக்கும். ஒவ்வொரு டிரைவர் வேலையும் மூணு வலது அம்புக்குறியோட ஆரம்பிச்சு மூணு இடது அம்புக்குறியோட முடியும், கடைசியில எக்ஸிட் ஸ்டேட்டஸ் சக்சஸ்னு இருக்கும். அடியிலேர்ந்து மேல பார்த்துட்டு வந்தா, விர்ச்சுவல் பாக்ஸோட மெயின் டிரைவர் முடிஞ்சிருக்கு, யூஎஸ்பி டிரைவர் முடிஞ்சிருக்கு, பிரிட்ஜ் நெட்வொர்க்குக்கான ஃபில்டர் டிரைவர் மட்டும் ஆரம்பிச்சிருக்கு, முடிவு வரி இல்ல. மூணு விழுகையிலும் அப்படியே. இடம் தெரிஞ்சாச்சு.

இன்னொண்ணு மினிடம்ப். விண்டோஸ் ஃபோல்டர்லயே மினிடம்ப்னு இருக்கும், ஒவ்வொரு விழுகைக்கும் அந்த நேரத்து நிலவரத்தோட ஒரு ஃபைல். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேர்ந்து, டம்ப ஆராயுற விண்டிபிஜி இறக்கி அதுல திறந்து, ஆச்சரியக்குறி போட்டு அனலைஸ், ஸ்பேஸ், ஹைஃபன், வி அடிச்சா கொஞ்ச நேரம் சிம்பல் இறக்கிட்டு தீர்ப்பு சொல்லும். என்டிஐஎஸ் டாட் சிஸ்னு சொல்லுச்சு. இங்கதான் நிறைய பேர் வழி மாறிப் போறாங்க. என்டிஐஎஸ் விண்டோஸோட சொந்த ஃபைல், எல்லா நெட்வொர்க் டிரைவருக்கும் அது பொது வாசல் மாதிரி, அங்க விழுந்துச்சுன்றதுக்காக அதுதான் குத்தவாளின்னு சொல்ல முடியாது. அந்தப் பேர நெட்ல தேடினா நெட்வொர்க் டிரைவர அப்டேட் பண்ணு, ரீசெட் பண்ணுன்னு ஆயிரம் பேர் சொல்வாங்க, அத அப்படியே விட்டுட்டு கீழ ஸ்டாக் டெக்ஸ்ட்டுக்குப் போங்க, யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னு வரிசையா இருக்கும், கீழேர்ந்து மேல படிக்கணும். கீழ என்டிஐஎஸ், ஃபில்டர பாஸ் பண்ணு (கொஞ்சம் நிறுத்து), டிட்டாச் பண்ணு (கழட்டு)ன்ற மாதிரி ஃபங்ஷன், அதுக்கு மேல எனக்குத் தெரியாத ஒரு மூணாவது பேர், அதுக்கு மேல மறுபடி என்டிஐஎஸ், அங்க விழுந்திருக்கு. மூணு டம்ப்லயும் அந்த மூணாவது பேர் இருக்கு, விர்ச்சுவல் பாக்ஸ் ஃபைல் ஒண்ணு கூட அந்த வரிசையில இல்ல.

எல்எம் விஎம்னு அடிச்சு அந்தப் பேரப் போட்டா, டிரைவர் எந்த ஃபோல்டர்ல இருக்கு, எப்ப கம்பைல் ஆச்சுன்னு சொல்லும். 2012. அந்த ஆபீஸ்ல விண்டோஸ் 7 காலத்துல ஏதோ ஒரு விபிஎன் (வெளியேர்ந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள பாதுகாப்பா போற சாஃப்ட்வேர்) போட்டிருக்காங்க, குடுக்கும்போது ப்ரோக்ராம அன்இன்ஸ்டால் பண்ணிட்டாங்க, கண்ட்ரோல் பேனல்ல சுவடே இல்ல, ஆனா அதோட நெட்வொர்க் ஃபில்டர் டிரைவர் மட்டும் போகாம தங்கிடுச்சு, 10-க்கு அப்கிரேடு ஆனப்பவும் கூடவே ஏறி வந்திருக்கு. எந்த விபிஎன்னு பேர் சொல்லல, அவங்க ஒழுங்கா எழுதின அன்இன்ஸ்டாலர யாராவது பாதியில நிறுத்திக் கூட இருக்கலாம்.

இது ஏன் விர்ச்சுவல் பாக்ஸ் போடும்போது விழுதுன்னு நான் புரிஞ்சுக்கிட்ட விதம் இது. நெட்வொர்க் கார்டோட டிரைவர் கீழ இருக்கு, டிசிபி ஐபி மேல இருக்கு, நடுவுல ஃபில்டர் டிரைவருங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும், ஆன்டிவைரஸ் ஒண்ணு, விபிஎன் ஒண்ணு, விர்ச்சுவல் பாக்ஸ் ஒண்ணுன்னு போற வர பாக்கெட்ட எல்லாரும் பார்த்துதான் விடுவாங்க. புதுசா ஒருத்தர் நடுவுல வரணும்னா விண்டோஸ் முதல்ல அந்த அடுக்குல இருக்குற எல்லாரையும் கொஞ்சம் நில்லுங்கன்னு நிறுத்தி, தேவைப்பட்டா கழட்டி, புது ஆளை செருகி, மறுபடி மாட்டும். இன்ஸ்டாலர் நெட்வொர்க் கட் ஆகும்னு எச்சரிக்கறது இதுக்குத்தான். அப்படி நில்லுன்னு சொன்னப்ப, பின்னாடி இருந்து பேச வேண்டிய ப்ரோக்ராம் இல்லாம அநாதையா நின்ன அந்தப் பழைய ஃபில்டர், எப்பவோ விடுவிச்ச மெமரியத் தொட்டு மொத்த சிஸ்டத்தையும் சாய்ச்சிருக்கு.

உறுதி பண்ண ஒரு சோதனை. இன்ஸ்டாலர்ல கஸ்டம் செட்அப் பக்கத்துல விர்ச்சுவல் பாக்ஸ் நெட்வொர்க்கிங்ன்ற பகுதியைத் தனியா எடுத்துடலாம். எடுத்துட்டுப் போட்டேன், அலுங்காம ஏறிடுச்சு. உண்மையச் சொன்னா இதோட நிறுத்தியிருக்கலாம், எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதுக்கு நெட்டே குடுக்கக் கூடாது, குடுக்கணும்னாலும் நேட்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு இந்த ஃபில்டர் டிரைவர் வேண்டாம். அப்பாகிட்ட, “நெட்வொர்க் பார்ட் இல்லாம போட்டுட்டேன்ப்பா, அந்த நெட்வொர்க் டிரைவர்லதான் பிரச்சனை, சிஸ்டத்துல புது நெட்வொர்க் எது சேர்ந்தாலும் விழுது போல”ன்னு பேச்சுவாக்குல சொன்னேன். பேப்பர் கட்டு பிரிச்சுக்கிட்டு இருந்தவர் திரும்பிப் பார்த்து, “அதைத்தானேம்மா நான் ஒரு வருஷமா சொல்றேன், நெட் இல்லாதப்ப போன்ல ஒயரு போட்டு நெட் எடுத்துட்டுக் கழட்டினா சிஸ்டம் ஆஃப் ஆவுதுன்னு”ன்னார்.

சொல்லியிருக்கார். நாலஞ்சு தடவை சொல்லியிருக்கார். நான் ஓஎம்ஆர்ல ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவுல போன எடுத்து, ஒயர் லூஸா இருக்கும்ப்பா, வேற யூஎஸ்பி போர்ட்ல போடுங்கன்னு சொல்லியிருக்கேன். யூஎஸ்பி டெதரிங் போட்டா விண்டோஸுக்கு அது ஒரு புது நெட்வொர்க் கார்டு, எல்லா ஃபில்டரும் அது மேலயும் போய் ஒட்டும், கழட்டும்போது எல்லாம் பிரியணும், அதே பாஸ், அதே டிட்டாச். என் போன மாட்டி டெதரிங் ஆன் பண்ணி, அரை நிமிஷம் விட்டு ஒயரப் புடுங்கினேன். நீலத் திரை. டம்ப் திறந்தா அதே மூணாவது பேர், அதே வரிசை, விர்ச்சுவல் பாக்ஸோட நெட்வொர்க் டிரைவர் ஒண்ணுமே ஏறாத சிஸ்டத்துல. அப்புறம் எப்படி அப்படியே விடறது, பில் போட்டுக்கிட்டு இருக்கும்போது இன்னும் எத்தனை தடவை விழும்.

அந்த சனிக்கிழமை அதோட நிறுத்திட்டு வீட்டுக்கு வந்துட்டேன், கழட்டறதுக்கு முன்னாடி பில்லிங் டேட்டாவை பேக்கப் எடுக்கணும், அசந்த மூளையோட ரெஜிஸ்ட்ரியில கை வெக்க இஷ்டமில்ல. டிரைவர் வெரிஃபையர் போட்டு உறுதி பண்ணலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு, அது சந்தேகப்படுற டிரைவர வேணும்னே நெருக்கிப் பிடிச்சு விழ வெக்கும், ஆனா பூட் ஆகும்போதே விழுந்து விழுந்து எழுந்தா சேஃப் மோடுல போய்தான் ரீசெட் பண்ணணும், தொழில் நடக்குற சிஸ்டத்துல அது தேவையில்லாத ஆபத்து. நாலு டம்ப் ஒரே பேர சொல்லும்போது சாட்சி அது போதும்.

நாலாவது சனிக்கிழமை. பில்லிங் டேட்டா பென்டிரைவ்ல, ரீஸ்டோர் பாயிண்ட் ஒண்ணு, நெட்வொர்க் சம்பந்தப்பட்ட ரெஜிஸ்ட்ரி கீ எக்ஸ்போர்ட் ஒண்ணு. நெட்வொர்க் அடாப்டர் ப்ராபர்ட்டீஸ்ல அந்த ஃபில்டர் பேர் டிக்கோட இருக்கு, அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலா அமுங்காம இருக்கு. டிக்க எடுத்தா போதுமேன்னு தோணும், எடுக்காதீங்க, டிக் எடுக்கறதும் கழட்டறதுதான், அப்பவும் விழும். அது ஓடாம இருக்கும்போதுதான் கழட்டணும்.

ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே ரீஸ்டார்ட் குடுத்து, ட்ரபிள்ஷூட், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், 4 அமுக்கி சேஃப் மோடு. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஸ்சி கான்ஃபிக்னு அடிச்சு, அந்த டிரைவர் சர்வீஸ் பேர், அப்புறம் ஸ்டார்ட் ஈக்வல்ஸ் டிஸேபிள்டு. ஈக்வல்ஸுக்கு அப்புறம் ஒரு ஸ்பேஸ் விடணும், ஈக்வல்ஸுக்கு முன்னாடி விடக் கூடாது, நான் ஒட்டி அடிச்சு ரெண்டு தடவை உதவிப் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரீஸ்டார்ட் பண்ணி சாதாரணமா உள்ள வந்தா நெட் சுத்தமா இல்ல. பயந்துடாதீங்க, இது எதிர்பார்த்ததுதான், அந்த டிரைவரோட ஐஎன்எஃப் ஃபைல (டிரைவர எப்படி ஏத்தணும்னு சொல்றது) முன்னாடியே திறந்து பார்த்திருந்தேன், அதுல ஃபில்டர் ரன் டைப் 1-னு இருந்துச்சு, அப்படின்னா நான் கட்டாயம், நான் இல்லன்னா இந்த அடுக்கே வேலை செய்யக் கூடாதுன்னு அது விண்டோஸ்கிட்ட சொல்லி வெச்சிருக்கு. 2-ஆ இருந்தா அது இல்லாமலும் நெட் ஓடும். அப்பாகிட்ட இத முன்னாடியே சொல்லி வெக்கல, ஒரு பார்ட்டிக்கு பில் மெயில் பண்ண வந்தவர் முகம் மாறிப் போச்சு, “பத்து நிமிஷம்ப்பா”ன்னு சொல்லி உக்கார வெச்சேன்.

இப்ப ஃபில்டர் பேர்தான் பட்டியல்ல இருக்கு, ஆள் மெமரியில இல்ல, பயமில்லாம கழட்டலாம். நெட்சிஎஃப்ஜி, ஹைஃபன் எஸ், ஸ்பேஸ், என் அடிச்சா இருக்குற எல்லா நெட்வொர்க் காம்போனன்ட்டும் வரிசையா வரும், அதுல நம்ம ஆளோட ஐடிய எடுத்துக்கிட்டு நெட்சிஎஃப்ஜி, ஹைஃபன் யு, அந்த ஐடி. ஒரு நிமிஷம் கிட்ட யோசிச்சுது, முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. ரீஸ்டார்ட், நெட் வந்துச்சு, அப்பா பில் அனுப்பினார். அதுக்கப்புறம் பிஎன்பி யூட்டில், ஸ்லாஷ் ஈனம் டிரைவர்ஸ் போட்டு டிரைவர் கிடங்குல இருக்குற ஓஇஎம் நம்பர் போட்ட ஐஎன்எஃப் பட்டியல எடுத்து, பழைய விபிஎன்னோடத டெலீட் பண்ணேன். நான் ரெண்டாவது வாரம் மூணு தடவை பாதியில விழ வெச்ச விர்ச்சுவல் பாக்ஸ் ஐஎன்எஃப்பும் அதுலயே கிடந்துச்சு, விர்ச்சுவல் பாக்ஸ அன்இன்ஸ்டால் பண்ணிட்டு அதையும் துடைச்சேன். அரைகுறையா ஏறினதுக்கு மேலயே திரும்பத் திரும்ப இன்ஸ்டால் பண்ணா அடுத்து வர்ற எரர் எதனாலன்னே தெரியாம போயிடும்.

மறுபடி முழுசா, நெட்வொர்க்கிங் டிக்கோட. பச்சைக் கோடு முக்கால்வாசி வந்தப்ப அப்பா, அக்கா, நான் மூணு பேரும் பேசல. நெட்வொர்க் ஐகான் ஒரு நொடி போச்சு, வந்துச்சு, ஃபினிஷ்னு வந்துச்சு. செட்அப் லாக் திறந்தா ஃபில்டர் டிரைவருக்கு எக்ஸிட் ஸ்டேட்டஸ் சக்சஸ்.

விர்ச்சுவல் மெஷின ஸ்டார்ட் பண்ணா, அதுக்கு வேண்டிய ப்ராசஸர் வசதியான விடி எக்ஸ் பயாஸ்ல ஆஃப்ல இருக்குன்னு எரர், பயாஸ் போய் ஆன் பண்ணேன், அது ரெண்டு நிமிஷ வேலை.

எக்ஸ்பி டிஸ்க் இமேஜ விபாக்ஸ் மேனேஜ் கமாண்ட்ல, கன்வெர்ட் ஃப்ரம் ரா போட்டு விடிஐ (விர்ச்சுவல் பாக்ஸோட டிஸ்க் ஃபைல்) ஆக்கி, டிஸ்க்க ஐடிஇ கன்ட்ரோலர்ல மாட்டினேன். சாட்டால (ஐடிஇ-க்கு அப்புறம் வந்த வகை) மாட்டாதீங்க, எக்ஸ்பிக்குள்ள அதுக்கு டிரைவர் கிடையாது. ஐடிஇ-ல மாட்டியும் 7பி எரர், பூட் டிஸ்க்க அணுக முடியலன்னு. பழைய மதர்போர்டு வேற கம்பெனி சிப்செட், அந்த எக்ஸ்பிக்கு அந்த ஐடிஇ சிப்ப மட்டும்தான் தெரியும், விர்ச்சுவல் பாக்ஸ் காட்டுறது இன்டெல் சிப். இதுக்கு எக்ஸ்பியில ஏற்கனவே இருக்குற பொதுவான ஐடிஇ டிரைவர பூட்லயே எழுப்புற ரெஜிஸ்ட்ரி எண்ட்ரி இருக்கு, மெர்ஜ் ஐடிஇ-ன்னு சொல்வாங்க, பழைய மெஷின்லயே அதைப் போட்டுட்டு இமேஜ் எடுத்திருக்கணும். நல்ல வேளை அது அன்னிக்கு அஞ்சாவது அமுக்குல எழுந்துச்சு, போட்டேன், மறுபடி டிடிரெஸ்க்யூ, அது ஓடி முடியறதுக்குள்ள அக்கா மெரினா பக்கம் போய் சுண்டல் வாங்கிட்டே வந்துட்டாங்க.

எக்ஸ்பி எழுந்துச்சு. அக்காவோட டெஸ்க்டாப் ஐகான் எல்லாம் அதே இடத்துல. ஸ்னாப்ஷாட் (தப்பானா அப்படியே திரும்பி வர ஒரு காப்பி) ஒண்ணு எடுத்துட்டு, கெஸ்ட் அடிஷன்ஸ்ன்ற விர்ச்சுவல் பாக்ஸோட துணை டிரைவருங்கள எக்ஸ்பிக்குள்ள போட்டேன், ஷேர்டு ஃபோல்டருக்கு அது வேணும், பிடிஎஃப் வெளிய வர்றது அது வழியாத்தான். டிஸ்பிளே டிரைவர் ஏறுற இடத்துல நீலத் திரை, இந்தத் தடவை ஜன்னலுக்குள்ள, சின்னதா.

இப்ப எங்க பார்க்கணும்னு தெரியும். பழைய மெஷின்ல இருந்த கிராஃபிக்ஸ் கார்டோட டிரைவரும் அதோட டிரே ப்ரோக்ராமும் இமேஜோட சேர்ந்து வந்திருக்கு, கார்டு இல்ல, டிரைவர் இருக்கு. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிப் போனேன், எதையும் இழக்கல. எக்ஸ்பி கமாண்ட் ப்ராம்ப்ட்ல டெவ் எம்ஜிஆர், ஷோ, நான் பிரசன்ட், டிவைசஸ், இந்த நாலையும் நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு ஒரே பேரா 1-னு செட் பண்ணி, அதே ஜன்னல்லேர்ந்து டிவைஸ் மேனேஜர் திறந்து ஷோ ஹிடன் டிவைசஸ் குடுத்தா, இப்ப இல்லாத பழைய சாமான் எல்லாம் மங்கலா தெரியும். கிராஃபிக்ஸ், சவுண்டு, பழைய லேன் கார்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணேன், ஆட் ரிமூவ்ல அந்த டிரே ப்ரோக்ராமையும் எடுத்தேன். விஎம் செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் விபாக்ஸ் விஜிஏ-வா இருக்கான்னு பார்த்துக்கோங்க, எக்ஸ்பி மாதிரி பழசுக்கு அதுதான், விபாக்ஸ் எஸ்விஜிஏ விண்டோஸ் 7-லேர்ந்து மேல. கெஸ்ட் அடிஷன்ஸ் மறுபடி, லோகோ டெஸ்டிங் பாஸ் ஆகலன்னு எக்ஸ்பி கேட்குற எச்சரிக்கைக்கு கன்டின்யூ எனிவே, ஏறிடுச்சு.

டாங்கிளுக்கு யூஎஸ்பி 1.1 கன்ட்ரோலரே போதும், விஎம் செட்டிங்ஸ்ல அதுக்கு ஒரு யூஎஸ்பி ஃபில்டர் போட்டுட்டா விஎம் எழுந்ததும் தானா உள்ள போயிடும், வெளிய விண்டோஸ் 10-ல டாங்கிள் டிரைவர் எதுவும் போட வேண்டாம். விஎம்-ஓட நெட்வொர்க் அடாப்டர ஆஃப் பண்ணி வெச்சேன்.

அக்கா வந்து உக்காந்தாங்க. 2006-ல அடிச்ச ஒரு உற்சவப் பத்திரிகை ஃபைலத் திறந்தாங்க, கோபுரம் படம், அடியில உபயதாரர் பேர் வரிசை, ஒரு எழுத்து நகரல. “பழைய மெஷின விட ஸ்பீடா இருக்கே பாப்பா”ன்னுட்டு, ஒரு பேருக்கு நடுவுல கர்சர் வெச்சு டைப் பண்ணிப் பார்த்தாங்க, தமிழ் விழுந்துச்சு, பிடிஎஃப் ஷேர்டு ஃபோல்டர்ல வந்து விழுந்துச்சு.

அப்பா அதையெல்லாம் ஒரு தடவை பார்த்துட்டு, சட்டைப் பையிலேர்ந்து போன எடுத்து, சிபியு முன்னாடி குனிஞ்சு ஒயர சொருகினார். டெதரிங் ஆன் பண்ணார், நெட் வந்துச்சு. ஒயரக் கழட்டினார். சிஸ்டம் ஆஃப் ஆகல. மறுபடி சொருகி, மறுபடி கழட்டினார்.